சொல்லாது விட்டதும் நூலே

கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைகிறது. இருள் கவிகிறது. அவ்விருளில் ஆதித்த கரிகாலன் உயிர் துறக்கிறான். அவனைக் கொன்ற கை எவருடையது? அமரர் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950ஆம் ஆண்டு தொடங்கி 1954ஆம் ஆண்டு மே மாதத்தில் வார இதழில் நிறைவெய்தியது. எழுபது ஆண்டுகள் கடந்த பின்னரும் தமிழர் நால்வர் கூடுமிடத்தில் இவ்வினா எழாமல் இருப்பதில்லை. இந்த ஐதராபாத் மாநகரில், மாரேட்பள்ளியிலும் பத்மராவ் நகரிலும் வாழும் நம் குடும்பங்களிலும் அது எழுகின்றது. வினா எழுவது நமக்கு மகிழ்ச்சியே. அவ்வினாவை அடக்குவதற்கு நம்மவர் கைக்கொள்ளும் வழிகள்தாம் நம்மை வருத்துகின்றன. அவ்வழிகளை மறுத்துரைப்பதற்கே இதனை எழுதுகின்றோம்.

தமிழ்ச் சங்கங்கள் பலவற்றில் பிள்ளைகளுக்கு வினாடி வினாப் போட்டி நடைபெறுவது வழக்கம். ‘கரிகாலனைக் கொன்றவர் யார்?’ என்றொரு கேள்வி; அதன்கீழ் நான்கு பெயர்கள். ரவிதாசன், நந்தினி, பெரிய பழுவேட்டரையர், வந்தியத்தேவன். ஒன்றைத் தெரிந்தெடுக்க அரை நிமிடம். நடுவர் கையில் விடைத்தாள். சரியென்று மணி அடிக்கப்படும். தவறென்றால் அடுத்த அணிக்குக் கேள்வி போகும். ஐந்து பாகங்களைக் கொண்ட ஒரு பெருநூலின் ஆழ்ந்த இடத்தை அரை நிமிடத்தில் மூடிவிடும் திறமை இது! விடைத்தாளை எழுதியவர் எந்த அத்தியாயத்தைச் சான்றாகக் கொண்டார் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் அவரிடத்து விடை இராது. ஏனெனில் நூலில் விடை இல்லை. நூலில் இருப்பவை குற்றச்சாட்டுகளும் ஒப்புதல்களும் இருளுமே.

அவற்றைச் சற்று நினைவு கூர்வோம். வந்தியத்தேவன் மீது கொலைப்பழி விழுகிறது. அவன் தஞ்சையின் பாதாளச் சிறையில் அடைபடுகிறான். தானே கொன்றதாகச் சொல்லுகிறாள் மணிமேகலை; அவள் அவனை நேசிப்பவள். பெரிய பழுவேட்டரையரும் பழியைத் தம் தலைமேல் ஏற்றுக்கொள்கிறார். ரவிதாசன் கூட்டத்தாரோ கரிகாலனைக் கொல்வதற்கே சூளுரைத்துப் புறப்பட்டவர்கள். நந்தினியின் அந்தப்புரத்தில், மீன் சின்னம் பொறித்த வாள் பூசனைக்குரிய பொருளாய் நெடுநாள் காத்திருக்கிறது. கரிகாலனோ தன் உயிரின்மீது தனக்கே பற்றில்லாதவனாய்த்தான் கடம்பூருக்கு வருகிறான். ஒரு சாவுக்கு இத்தனை பேர் உரிமை கோருகின்றனர். இத்தனை பேருக்குக் காரணம் இருக்கிறது. பழுவேட்டரையர் கூறியது வாக்குமூலமா, அல்லது தம்மைத் தாமே தண்டித்துக்கொள்ள அம்முதியவர் கண்ட வழியா? மணிமேகலை சொன்னது காதலின் பொய் என்று நாம் எளிதாகத் தள்ளிவிடுகின்றோம். அங்ஙனம் தள்ளுவதற்கு அவளுடைய பேதைமையன்றி வேறு சான்று நம்மிடத்து உண்டா? இத்தகைய கேள்விகளோடு ஓர் இரவு முழுதும் தாயும் மகளும் வழக்காடலாம். அதற்கன்றோ நூல்!

இனி, இவ்வினாவை அடக்குவோர் கூறும் மறுமொழிகளை ஒவ்வொன்றாய் நோக்குவோம்.

‘இது வாரந்தோறும் எழுதப்பட்ட தொடர்கதை. மூன்றரை ஆண்டுகள் நீண்டது. ஆசிரியருக்கு எல்லாம் நினைவில் இருக்குமா? எங்கோ நூல் அறுந்துவிட்டது. அதற்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு?’ என்பாருளர். பெரும்பாலும் இவர்கள் நன்கு படித்தவர்கள். வெளிநாட்டு நாவல்களைப் போற்றுபவர்கள். ஜே. ஆர். ஆர். டோல்கின் தம் மோதிரக் கதையில் டாம் பாம்படில் என்றொரு விசித்திரப் பாத்திரத்தைப் படைத்து, அவன் யார், எவ்வினத்தவன் என்று கூறாமலே விட்டார். அதுபற்றி வினவிய கடிதத்துக்கு அவர் 1954இல் எழுதிய மறுமொழியில், புராண காலத்திலும் புதிர்கள் சில இருந்தே ஆகவேண்டும் என்றும், பாம்படில் தாம் அறிந்தே விட்ட புதிர் என்றும் பொருள்படக் கூறினார். நம் பிள்ளைகளில் ஆங்கில நாவல் படிப்போர் இதனை அறிவர். அவனைப்பற்றி மணிக்கணக்கில் வாதிடுவர். அதனைக் கேட்டுப் பெருமிதம் கொள்ளும் பெற்றோரே, அதே 1954இல் முடிந்த தமிழ்க் கதையில் ஒரு புதிர் எதிர்ப்படும்போது, ‘கல்கி மறந்துவிட்டார்’ என்கின்றனர். ஆங்கிலத்தில் விடப்பட்டால் ஆழம். தமிழில் விடப்பட்டால் மறதி! இந்தத் தராசை எங்கே வாங்கினார்களோ, நாம் அறியோம்.

மறதி என்பார் நூலை மறந்தவர். சுந்தர சோழர் நள்ளிரவில் ஓர் ஆவியைக் கண்டு நடுங்குகிறார். ஈழத்துத் தீவொன்றில் தாம் கண்டு, இறந்துவிட்டாள் என்று நம்பிய பெண்ணே தம்மைப் பழிக்க வருவதாக எண்ணி உருகுகிறார். வேறோர் ஆசிரியராயின் அதனை ஆவியாகவே விட்டிருப்பார். கல்கி விடவில்லை. மந்தாகினியின் சாயலைக் கொண்ட நந்தினி நடித்த நாடகம் அது என்பதைப் பொறுமையாய்க் காட்டுகிறார். பழுவூர் அரண்மனையிலிருந்து கருவூலத்துக்குச் செல்லும் நிலவறை வழியும், கடம்பூர் வேட்டை மண்டபத்தின் இரகசியப் பாதையும் நம் கண்முன் விரிகின்றன. யார் எந்த ஓடத்தில் ஏறினார், எந்தக் குதிரை எங்கே நின்றது என்பது வரை கணக்கு வைத்திருப்பவர், கதையின் நடுநாயகமான கொலையை மட்டும் மறந்தாரா? விளக்க வேண்டியவற்றை விளக்கிக் காட்டிய கைதான் அந்த ஒரு விளக்கை அணைத்தது. நிறைவெய்திய பின் முடிவுரை ஒன்றும் எழுதிச் சேர்த்தார். பாத்திரங்களின் பின்னாள் வாழ்வு குறித்து வாசகர் எழுப்பிய கேள்விகள் சிலவற்றுக்கு அதில் மறுமொழி தந்தார். அதற்குப் பின்னும் கடம்பூர் வழக்கு ஓயவில்லை. 1954 டிசம்பரில் அவர் மறைந்தார். கேட்டறிவதற்கு இனி நூலையன்றி வேறொருவர் இல்லை.

அடுத்து வருவோர் இன்னும் உறுதியானவர்கள். ‘கதையை ஏன் துழாவுகிறீர்கள்? கல்வெட்டு இருக்கிறது’ என்பது இவர்கள் வாதம். கல்வெட்டு இருப்பது மெய்யே. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், அனந்தீசுவரர் திருக்கோயிலில் உள்ளது. முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில், வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையாருக்கு அனுப்பப்பட்ட ஆணையைச் சுமந்து நிற்பது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகியோரை அது குறிக்கின்றது. அவர்களுடையவும் அவர்கள் உறவினருடையவும் உடைமைகளைக் கைப்பற்றுவது அதன் செய்தி. கதை தொடங்கும் ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையேறி வரும் வீரநாராயண ஏரிக்கரையும் அதே வட்டாரந்தான் என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கின்றோம்? கொலையாளிகளின் பெயர் பொறித்த கல்லுக்கு அருகிலிருந்தே கல்கி தம் கதையைப் புறப்படச் செய்தார். தற்செயல் என்று சொல்ல நமக்கு மனம் ஒப்பவில்லை.

ஆயின் அக்கல் என்ன சொல்லவில்லை என்பதையும் நோக்க வேண்டும். வாளை ஓங்கிய கை எது என்று அது கூறவில்லை. எவ்விடத்தில், எவர் பொருட்டு, என்ன காரணத்தால் என்றும் கூறவில்லை. கடம்பூர் என்ற களமே கதைக்குரியது. சோழ அரசின் உயர்ந்த பட்டங்களைத் தாங்கியவர்கள் இளவரசனைக் கொன்றார்கள் என்றால், அவர்களுக்குப் பின்னால் நின்றவர் யார்? கொலைக்குப்பின் உத்தம சோழர் பதினைந்து ஆண்டு அளவில் அரசாண்டு, 985இல் இராசராசன் அரியணை ஏறி, அதற்கும் பிறகன்றோ இந்த ஆணை பிறக்கிறது! இத்தனை காலம் தாழ்ந்தது ஏன்? பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் இக்காலத் தாழ்வையும் பிறவற்றையும் கருதி உத்தம சோழர்மீது ஐயம் கொண்டார். ஆராய்ச்சி அறிஞர் தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். உத்தமரின் கை அதில் இருந்திருப்பின் இராசராசன் அவரிடத்து மதிப்பு வைத்திருப்பானா, தன் மகனுக்கு மதுராந்தகன் என்ற அவர் பெயரே வழங்கியிருக்குமா, அவர் மகன் கண்டராதித்தனுக்குத் தன் ஆட்சியில் பொறுப்பு அளித்திருப்பானா என்றெல்லாம் எண்ணிப் பார்க்கும்போது மறுப்பின் வலிமை நமக்குப் புலனாகிறது. ஒரே கல்லைப் படித்த இருபெரும் அறிஞர் இருவேறு முடிவுக்கு வந்தனர். கல்வெட்டும் எச்சம் உடையது. அதனைப் படிப்பவரும் வாசகரே. ஓர் இருளைக் கொண்டு இன்னோர் இருளுக்கு ஒளியேற்ற முயல்வது எங்ஙனம் கூடும்?

மேலும் ஒன்று. இக்கல்வெட்டு வாதத்தினர் கதைக்குள் வந்து ‘உத்தம சோழரே காரணர்’ என்று தீர்ப்பளிப்பின் நாம் திகைத்து நிற்க நேரும். எந்த உத்தம சோழர்? கதையில் மதுராந்தகர் இருவர் அன்றோ! அரண்மனையில் வளர்ந்து, மூடுபல்லக்கில் மறைந்து வந்து, அரசுரிமைக்காகச் சதியில் கலந்தவன் ஒருவன். அவன் மந்தாகினி பெற்ற பிள்ளை. தஞ்சைத் தளிக்குளத்தார் கோயிலுக்குப் பூத்தொடுத்து, அரசென்றாலே அஞ்சி ஒதுங்கிய சேந்தன் அமுதன் மற்றொருவன். செம்பியன் மாதேவியாரின் உண்மை மகனும், பின்னர் உத்தம சோழன் என்று முடிசூடுபவனும் அவனே. சாஸ்திரியார் ஐயுற்ற மதுராந்தகனையும் பண்டாரத்தார் காத்த மதுராந்தகனையும் கல்கி தனித்தனி மனிதராக்கிவிட்டார் என்று நமக்குத் தோன்றுகிறது. சாஸ்திரியாரின் நூல் 1935இல் வந்தது. பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ முதற்பகுதி 1949இல் வந்தது. தொடர்கதை 1950இல் தொடங்கிற்று. இது நம் ஊகமே. ஆனால் நூலிலிருந்து எழுந்த ஊகம். வேறொருவர் நூலைக் காட்டி மறுக்கலாம். இத்தகைய வழக்கையே நாம் வேண்டுகின்றோம்.

கல்வெட்டைக் கொண்டு வருவோரில் ஒரு சாரார் வேறொன்றையும் உடன் கொண்டு வருகின்றனர். பிரமாதிராசன் என்ற பட்டத்தைப் பிடித்துக்கொண்டு, ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட கொலைக்கு இன்று பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் குடும்பத்தைப் பொறுப்பாக்கும் பேச்சு அது. மற்றொரு சாரார் அதற்கு அஞ்சி, கல்வெட்டே பொய் என்கின்றனர். இருவருமே நூலைப் படிப்பவர் அல்லர். இலக்கியக் கூட்டத்தில் இவர்களுக்கு ஒலிபெருக்கி கொடுப்பதைச் சங்கங்கள் நிறுத்த வேண்டும். இதனைச் சுற்றி வளைக்காமலே சொல்லிவிடுகின்றோம்.

திரைப்படத்தைக் காட்டி வாயடைப்போர் குறித்து நெடிது கூற வேண்டுவதில்லை. மணிரத்னத்தின் படம் 2022இலும் 2023இலும் இரு பகுதிகளாய் வந்தது. அதன் காட்சிகள் சில நம் நகரின் எல்லையிலுள்ள ராமோஜி பிலிம் சிட்டியிலேயே எடுக்கப்பட்டன என்பதில் நமக்கும் ஒரு சிறு பெருமை உண்டு. தெலுங்கிலும் வெளிவந்ததால் நம் பிள்ளைகள் தம் தெலுங்குத் தோழரோடு சென்று கண்டனர். அதன்பின் வீட்டிலிருந்த பழைய தொகுதியைத் தூசி தட்டியவரும் உண்டு. அது நன்று. ஆனால் இயக்குநரும் ஒரு வாசகரே. அவர் தம் வாசிப்பைக் காட்டினார். கொலையைக் கரிகாலனுக்கும் நந்தினிக்கும் இடையிலேயே முடித்தார். அதற்கேற்ப மணிமேகலையைக் கதையிலிருந்தே நீக்கினார். சேந்தன் அமுதன் முடிசூடவில்லை. ஒப்புதல் கூறியவளை நீக்கிவிட்டு எழுதிய தீர்ப்பு அவள் இருக்கும் நூலுக்கு எங்ஙனம் பொருந்தும்? ‘படத்தில் காட்டிவிட்டார்களே’ என்று மகனின் கேள்வியை முடித்துவைக்கும் தந்தையார், அவன் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிடுகிறார் என்பதை உணர்வாராக.

சொல்லாது விடுவதை ஓட்டை என்று கருதும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? தமிழ் மரபிலிருந்து வரவில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளாக முப்பத்து நான்கினை எண்ணுகிறது. மாத்திரை, எழுத்து, அசை, சீர் என்று தொடங்கும் அவ்வரிசையில் ‘எச்சம்’ என்பதும் ஓர் உறுப்பு. ‘முன்னம்’ என்பதும் ஓர் உறுப்பு. சொல்லால் எஞ்சி நிற்பதும் குறிப்பால் எஞ்சி நிற்பதும் என எச்சத்தை இருவகையாகக் கொள்வர். யார், எவ்விடத்தில், எவரிடம் கூறினார் என்பதைக் கேட்போன் தானே உய்த்துணர நிற்பது முன்னம். கூறாது நின்றதைக் கூறியவற்றோடு சேர்த்து உறுப்பாக எண்ணிய இலக்கணம் இது. அகப்பாட்டில் தலைவன் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்று விதித்ததும் இம்மரபே. பெயரை மறைத்தால் பாட்டுக் குறைவுபடும் என்று சங்கப் புலவர் அஞ்சவில்லை.

நக்கீரரின் நெடுநல்வாடையை நோக்குக. கூதிர் இரவு, பிரிவால் வாடும் அரசி, பாசறையில் உறங்காத அரசன். எவர் பெயரும் இல்லை. 188 அடிகளில் ஓரிடத்தில் மட்டும், அரசனுக்கு முன் செல்பவன் ஏந்திய வேலில் வேப்பந்தழை கட்டப்பட்டிருக்கிறது. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளமாயிற்றே! அந்த ஒரு தழையைப் பற்றிக்கொண்டே, இப்பாட்டில் அடையாளப்பூக் கூறப்பட்டமையின் இது அகமாகாது, புறமே என்று உரை கண்டார் நச்சினார்க்கினியர். அவர் கூற்றை ஏற்றோரும் உண்டு. மறுத்து, இது அகமே என்று நின்றோரும் உண்டு. விளக்கப்படாத ஒரு வேப்பந்தழையின்மேல் நூற்றாண்டுகளாக வழக்கு நடக்கிறது. ‘நக்கீரர் மறந்து எழுதிவிட்டார், விடுங்கள்’ என்று சொல்லி எவரேனும் அவ்வழக்கைத் தள்ளியதுண்டா? திருவாய்மொழிக்கு எழுந்த ஈட்டு உரையைப் புரட்டியவர் அறிவர்: ஒரு சொல் ஏன் இங்கே வந்தது, ஏன் வேறு சொல் வரவில்லை என்று கேட்டுக் கேட்டே ஆசிரியர் தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன. இந்த மரபில் வந்த நாம், பேத்தி ஒருத்தி ‘நந்தினிக்கு வீரபாண்டியன் யார் தாத்தா? காதலனா, அப்பாவா?’ என்று கேட்டால் சங்கடப்பட்டுப் பேச்சை மாற்றுகின்றோம். கேள்வி சரியானது. நூல் ஓரிடத்தில் ஒன்றை எண்ணச் செய்து, பிறிதோரிடத்தில் மற்றொன்றை எண்ணச் செய்கிறது. பேத்தி கூர்ந்து படித்திருக்கிறாள். தாத்தா மறந்துவிட்டார்.

நாம் வாழும் தெலுங்கு மண்ணிலும் இதற்கு ஒப்புநோக்க ஒரு நூல் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் பிங்களி சூரனார் இயற்றிய ‘களாபூர்ணோதயம்’ புதிர்மேல் புதிராக முடிச்சிட்டுச் செல்லும் கதை. ஆனால் இட்ட முடிச்சுகளைப் பின்னர் அவரே அவிழ்த்துக் காட்டுகிறார். அது ஒருவகை இன்பம். எல்லா முடிச்சும் அவிழ்ந்தால்தான் கதை என்பார்க்கு அதனைப் பரிந்துரைக்கின்றோம். அவிழாத முடிச்சு வேறொரு வகை இன்பம். சார்லஸ் டிக்கன்ஸ் 1870இல் இறந்தபோது ‘எட்வின் ட்ரூட்’ கதை பாதியில் நின்றது. கொலையாளி யார் என்பது தெரியவில்லை. 1914இல் லண்டனில் எழுத்தாளர்கள் கூடி, கதையில் ஐயத்துக்குரிய பாத்திரத்தின்மீது வழக்கே நடத்தினர். செஸ்டர்டன் நீதிபதி, பெர்னார்ட் ஷா நடுவர் குழுத் தலைவர். அறிஞர் பெருமக்கள் சிறுபிள்ளைகளைப்போல் விளையாடினர். நம்மவரில் பட்டம் பெற்றோர்க்கு இத்தகைய விளையாட்டு மதிப்புக் குறைவாய்த் தோன்றுகிறது போலும்.

இவ்வளவு கூறியதால், எவரும் எதையும் கூறலாம் என்பது நம் கருத்தென்று கொள்ளற்க. விளக்கப்படாத இடம் என்பது வேலியற்ற தோட்டம் அன்று. தம்பி அரசேற வேண்டுமென்று குந்தவையே கொலைக்கு ஏற்பாடு செய்தாள் என்றொரு கூற்று உலவுகிறது; அவள்மீது ஐயத்தைத் திருப்பும் தனி நாவலும் தமிழில் உண்டு. நாவலாசிரியர் தம் கதையில் எதையும் செய்யலாம். அது அவர் உரிமை. விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’யும் பாலகுமாரனின் ‘உடையா’ரும் அவரவர் வழியில் சோழர் கதையைத் தொடர்ந்தன. ஆனால் கல்கியின் நூலுக்குப் பொருள் கூறுவதாகச் சொல்லிக்கொண்டு அக்கூற்றை வைப்பவர், அதே குந்தவை தமையனைக் காப்பதற்காக வந்தியத்தேவனை அவனிடம் அனுப்பும் பகுதிகளுக்கு விடை சொல்லியாக வேண்டும். அவள் நடித்தாள் என்றால், அந்நடிப்பைக் காட்டும் சொல் எங்கே? அத்தியாயத்தைத் திறந்து விரல் வைத்துக் காட்டட்டும். காட்ட இயலாதது வம்பு; அதற்கும் வாசிப்புக்கும் உறவில்லை. நச்சினார்க்கினியருக்கு ஒரு வேப்பந்தழையாவது கையில் இருந்தது.

இத்தனை சூடு எதற்கு, ஒரு கதைதானே என்று தமிழகத்தில் வாழ்வோர் கேட்கலாம். அவர்க்குத் தெருப் பெயர்ப்பலகையும் பேருந்தும் பள்ளியும் தமிழைக் கற்பிக்கின்றன. நம் நிலை வேறு. தெலங்கானாவில் 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பள்ளிகளில் தெலுங்கு கட்டாயப் பாடம். அது முறையே, உண்ணும் சோறு விளையும் மண்ணின் மொழியை நம் பிள்ளைகள் கற்றே ஆகவேண்டும். அதனோடு ஆங்கிலம், இந்தி. தமிழுக்கு எஞ்சுவது வீடு ஒன்றே. வீட்டிலும் இரவு உணவுக்குப் பிந்திய ஒரு நாழிகை. தண்டவாளத் துறையிலும் படைத்துறையிலும் அலுவலகங்களிலும் பணியேற்று இங்கு வந்த முன்னோர், வார இதழிலிருந்து கிழித்துத் தைத்துக் கட்டிய தொகுதிகளை, மணியத்தின் ஓவியங்களோடு, பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தனர். பல வீடுகளில் திருக்குறளுக்கு அடுத்து இருக்கும் நெடிய தமிழ் நூல் அது ஒன்றுதான். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை அதன் நடுப்பகுதி வரை வந்தால், கதை அவனை இழுத்ததாலேயே வந்தான். ஐந்தாம் பாகத்தில் அவன் கேட்கும் கேள்வி தமிழில் எழும் கேள்வி. அதற்கு நாம் ‘மறதி’ என்றோ ‘கல்வெட்டு’ என்றோ ‘படம்’ என்றோ ஒரு சொல்லில் மறுமொழி கூறின், அவன் அடுத்த கேள்வியை வேறு மொழிக் கதையிடம் எடுத்துச் செல்வான். அங்கே அவனோடு வாதிடத் தோழர் பலர் இருக்கின்றனர். அவனைக் குறைகூற நமக்கு என்ன உரிமை?

தெரியாது என்று சொல்வதில் பெரியோர்க்கு ஒரு கூச்சம் இருப்பதையும் நாம் அறிவோம். தமிழில் தாம் எல்லாம் அறிந்தவர் என்று பிள்ளை நம்பவேண்டும் என்ற ஆசையின் விளைவு அது. ‘எனக்குத் தெரியாது கண்ணா, அந்த அத்தியாயத்தை எடு, இன்னொரு முறை படிப்போம்’ என்று சொல்லும் பாட்டியார் இழப்பது ஒன்றுமில்லை. கடம்பூர் இருளில் யாழ்க் களஞ்சியத்துக்குள் ஒளிந்திருந்த வந்தியத்தேவனுக்கும் தெரியவில்லை. அங்கேயே இருந்தவன் அவன்! பூங்குழலி கோடிக்கரைச் சதுப்பு நிலத்தில் எழும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைத் தன் காதலர் என்கிறாள். அது வெறும் விளையாட்டுப் பேச்சா, வேறொன்றா? நூலில் இறுதிவரை அவளோடு வரும் அந்தக் கடலின் தனிமையை யாரேனும் ஒரு மாலை எடுத்துப் பேசலாம். கொலைக்கே எல்லா நேரமும் போய்விடுகிறது.

ஆகவே நம் சங்கத்தாரிடத்தும் பிற நகரத்துச் சங்கத்தாரிடத்தும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுப் போட்டியில் அந்த நான்கு பெயர்க் கேள்வியை எடுத்துவிடுங்கள். அதற்கு மாற்றாகப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வெற்றுத்தாளும், ஒரு மணி நேரமும், நூலின் நான்காம் ஐந்தாம் பாகங்களும் கொடுங்கள். கரிகாலன் சாவைப்பற்றித் தாம் கருதுவதை எழுதட்டும். எந்த அத்தியாயத்தால் அங்ஙனம் கருதுகிறார் என்பதையும் எழுதட்டும். பெயரொன்றைச் சொல்லாமல், ‘சொல்ல முடியாது’ என்று எழுதி அதற்குக் காரணம் காட்டும் பிள்ளைக்கும் பரிசுண்டு என்று முன்னரே அறிவியுங்கள். எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டா. நடுவர்கள் தாள்களைப் படித்தபின், அன்று மாலை மேடையில் அப்பிள்ளைகளோடு அமர்ந்து வழக்காட வேண்டும். ஆதலின் அவர்களும் முன்கூட்டியே நூலை மீண்டும் படித்து வருதல் நலம்.